பலகையில் வருகிற "வைட் & ஆர்ன்." யாருங்க?

நாற்றங்கால் (தொண்டாமுத்தூர்):

எல்லாருக்கும் வணக்கமுங்க. தொண்டாமுத்தூர் பக்கத்தில் நாட்டு மரக்கன்று மட்டும் போட்டு ஒரு சின்ன நர்சரி வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் வளாகத்து மரங்களுக்கெல்லாம் பெயர்ப் பலகை எழுதித் தரச் சொன்னார்கள். மேலே தமிழ்ப் பெயர், கீழே அறிவியல் பெயர். முன்பு ஒரு தடவை இப்படித்தான் வெளியே பிரிண்ட் போடக் கொடுத்து, புங்கனில் வேம்பின் பெயரும் வேம்பில் புங்கனின் பெயரும் வந்து, அதை மாற்றி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதனால் இந்த முறை தகரம் வாங்கிவந்து நானே பெயின்ட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீர்மருதுக்கு எழுதும்போது, டெர்மினாலியா அர்ஜுனா என்று முடிந்தபிறகு பின்னால் "வைட் & ஆர்ன்." என்று ஒரு வால் இருந்தது. சரி, அதையும் எழுதுவோம் என்று எழுதினேன். விடத்தேரைக்கு வந்தால் அதே வால். குடைவேலுக்கும் அதே. என் மகள் ஏழாவது படிக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து காய்ந்த பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், "அப்பா, இந்த மரத்தையெல்லாம் இவங்கதான் நட்டாங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை எனக்கு. தினமும் கையில் தொடுகிற கன்றுகள், அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஒரு ஆள் இருக்கிறார், அவர் யாரென்று இத்தனை வருசம் யோசிக்கவே இல்லையே என்று ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கன்று வாங்க வந்த ஒருவர், வைட் என்பவர் வெள்ளைக்கார டாக்டர், கோயம்புத்தூரிலேயே பல வருசம் இருந்தவர், பருத்தி போட வந்தவர் என்று சொல்லிவிட்டுப் போனார். பருத்திக்கும் நீர்மருதுக்கும் என்ன சம்பந்தம்? நம் ஊரில் எங்கே இருந்தார், என்ன செய்தார்? அப்புறம், பலகையில் இந்த வால் தேவைதானா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். மகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.


உலர்செடி (கோவை):

அண்ணா, சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் தாவரவியலில் ஆராய்ச்சி செய்கிறவள். லாலி ரோட்டுப் பக்கம், வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிற தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கிற இடத்தில், மாதக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். வைட் பெயர் போட்ட தாள்களைக் கையில் வைத்துப் பார்த்தும் இருக்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ராபர்ட் வைட், ஸ்காட்லாந்துக்காரர், 1796ல் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு 1819ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்து உதவி டாக்டராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். அந்தக் காலத்தில் டாக்டருக்கு மருந்துச்செடி தெரிந்திருக்க வேண்டும், அதனால் கம்பெனி டாக்டர்கள் பலர் செடி பொறுக்குகிறவர்களாகவே இருந்தார்கள். இவருக்கு அது வெறியாகவே ஆகிவிட்டது. 1826ல் சென்னை அரசின் இயற்கை ஆய்வாளர் பதவி கிடைத்தது, தென்னாடு முழுக்கச் சுற்றினார். இரண்டே வருசத்தில் அரசு அந்தப் பதவியையே எடுத்துவிட்டது. மனுசன் விடவில்லை. நாகப்பட்டினத்தில் டாக்டர் வேலை பார்த்துக்கொண்டே சொந்தச் செலவில் ஆள் வைத்துச் சேகரித்தார்.

1831ல் விடுப்பில் ஊருக்குப் போகும்போது உலர்த்திய செடிகளை மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கேதான் உங்கள் பலகையின் "ஆர்ன்." வருகிறார். ஜார்ஜ் வாக்கர் ஆர்னாட், வைட்டின் நண்பர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இருவரும் உட்கார்ந்து அந்தத் தாள்களைப் பிரித்து, ஒப்பிட்டு, 1834ல் ஒரு புத்தகம் போட்டார்கள், இந்தியத் தீபகற்பத்துத் தாவரங்களுக்கு முன்னோட்டம் என்று பொருள்படும் லத்தீன் தலைப்பு. உங்கள் நீர்மருது, விடத்தேரை, குடைவேல் மூன்றுமே அந்த ஒரே புத்தகத்தில் இருந்து வந்த பெயர்கள்தான்.

இதில் ஒன்று கவனியுங்கள். நீர்மருதுக்கும் விடத்தேரைக்கும் வைட் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் வேறு ஆள் பெயர் இருக்கும். நீர்மருதில் ராக்ஸ்பர்க், விடத்தேரையில் லின்னேயஸ். அப்படி இருந்தால், செடிக்கு முதலில் பெயர் வைத்தவர் அடைப்புக்குறிக்குள் இருப்பவர், வைட்டும் ஆர்னாட்டும் அதை வேறு பேரினத்துக்கு, அதாவது அறிவியல் பெயரின் முதல் சொல் குறிக்கிற செடிக்கூட்டத்துக்கு, மாற்றி வைத்தார்கள், அவ்வளவுதான். குடைவேலில் அடைப்புக்குறி இருக்காது. அது அவர்களே முதன்முதலாக விவரித்தது. மாகாளிக்கிழங்கும் அப்படித்தான். சத்தியமங்கலம் மலைப்பக்கத்திலிருந்து வந்து நம் வீடுகளில் தயிரில் ஊறுகாய் போடுகிறோமே, அதே கிழங்குதான். டெகாலெபிஸ் ஹாமில்டோனி, வைட் & ஆர்ன்., அதே 1834. பேரினம், சிற்றினம் இரண்டுமே அவர்கள் வைத்தது. ஆக, உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள், அவங்க நட்டதும் இல்லை, கண்டுபிடிச்சதும் இல்லை. மலையில் அந்தக் கிழங்கைத் தோண்டித் தின்றவர்களுக்கு அது எப்போதும் தெரியும். இவர்கள் செய்தது, உலகத்தில் எந்த மூலையில் இருக்கிறவரும் இந்தச் செடியைத்தான் சொல்கிறோம் என்று புரிந்துகொள்கிற மாதிரி எழுதி அச்சில் ஏற்றியது.

கோவைக் கதை அதற்கப்புறம். 1834ல் திரும்பி வந்தவரைக் கொஞ்ச நாளில் வருவாய்த் துறையில் விவசாயப் பயிர்களைப் பார்க்கப் போட்டார்கள். 1842ல் இருந்து கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தி சோதனைப் பண்ணைக்குப் பொறுப்பு. 1853ல் ஓய்வு பெற்றுக் கிளம்பும்வரை இங்கேதான். பகலெல்லாம் சம்பளத்துக்குப் பருத்தி, மற்ற நேரமெல்லாம் செடி. இந்த ஊருக்கு ரயில் வருவதற்கு ஏறக்குறைய இருபது வருசம் முந்திய காலம் அது. இங்கே இருந்துகொண்டுதான் தன்னுடைய பெரிய படத் தொகுதியை முடித்தார். ஐகோன்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வோம், ஆறு தொகுதி, 1838ல் தொடங்கி 1853 வரை, மொத்தம் 2101 படங்கள், சென்னையில் அச்சானது. அதில் செடி எங்கே கிடைத்தது என்று எழுதும் இடங்களில் கோயம்புத்தூர், பாலக்காடு என்று வந்துகொண்டே இருக்கும். "போலம்பட்டி" என்றும் வரும். உங்களுக்குப் பக்கத்து போளுவாம்பட்டிதான் அண்ணா. முதல் தடவை அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பாமலே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அவருடைய தாள்களில் பெரும்பாலானவற்றில் ஊரும் தேதியும் இருக்காது. இரட்டைப் பிரதிகளை 1866, 67ல் லண்டன் கியூ தோட்டத்தில் இருந்து உலகம் முழுக்கப் பங்கிட்டுக் கொடுத்தார்கள், நம் ஹெர்பேரியத்துக்கும் சில வந்து சேர்ந்திருக்கின்றன. அச்சடித்த சீட்டில் இந்தியத் தீபகற்பம் என்று மட்டும் இருக்கும். பழுப்பேறிய தாளில் ஒரு குச்சி, நாலு இலை, ஓரத்தில் உதிர்ந்த பூவை மடித்து வைத்த சின்னக் காகிதப் பொட்டலம். இது கல்லாறா, ஆனைமலையா, குற்றாலமா? தெரியாது. 180 வருசம் கழித்து அந்தச் செடி அதே இடத்தில் இன்னும் இருக்கிறதா என்று தேடுகிற எங்களுக்கு அந்த ஒரு வரி இல்லாதது பெரிய இழப்பு. அவரைப் பிடிக்கும் எனக்கு, ஆனால் இந்த விசயத்தில் வருத்தம் உண்டு.

பலகைக்கு வால் கட்டாயம் இல்லை அண்ணா. இடம் இருந்தால் போடுங்கள்.


கிளுவைவேலி (காங்கேயம்):

பருத்தி பற்றிக் கேட்டதால் நான் சொல்கிறேன். எங்களுடையது கொறங்காடும் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) தோட்டமும் கலந்த பண்ணையம். அப்பாரு காலத்தில் பருத்திதான் வீட்டைத் தூக்கி நிறுத்தியது.

அந்தக் காலத்தில் இங்கிலாந்து மில்லுக்கெல்லாம் பஞ்சு அமெரிக்காவில் இருந்து போய்க்கொண்டிருந்தது. அதையே நம்பி இருந்தால் ஆகாது, இந்தியாவிலும் அந்த நீள இழைப் பருத்தியை விளைவிக்க வேண்டும் என்று அங்கே இருந்து நெருக்கினார்கள். கம்பெனி அமெரிக்காவில் இருந்தே பருத்தித் தோட்டக்காரர்கள் சிலரைச் சம்பளம் கொடுத்துக் கூட்டி வந்தது, அவர்கள் விதையும் கலப்பையும் பஞ்சில் இருந்து விதையைப் பிரிக்கிற, ரம்பப்பல் வைத்த ஜின் மெசினும் கொண்டுவந்தார்கள். வைட் அவர்களுக்கெல்லாம் மேலாளராகத்தான் கோயம்புத்தூருக்கு வந்தார்.

அது எதிர்பார்த்தபடி போகவில்லை. ஏன் என்று எங்க ஊர் ஆள் யாரைக் கேட்டாலும் சொல்லுவான். அமெரிக்காவில் குளிர் போனதும் விதைத்து, வெயில் காலம் முழுக்க மழையோடு வளர்ந்து, மறுபடி குளிர் வருமுன் பஞ்சு எடுக்கிறார்கள். நம் பக்கத்தில் மலை மறைத்துக்கொள்வதால் ஆடி மழை தூறலோடு போய்விடும், நம்பி விதைக்கிற மழை ஐப்பசி, கார்த்திகைதான். கரிசலில் நம் நாட்டு இனமான உப்பம் பருத்தியைப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து ஊடே கொத்தமல்லியும் விட்டு, அப்புறம் மழையே இல்லாவிட்டாலும் மண்ணில் இருக்கிற ஈரத்தையும் பனியையும் குடித்தே அது நிற்கும். அதன் வேர் அப்படி. காய் சின்னது, இழை குட்டை, மில்லுக்காரனுக்குப் பிடிக்காது, ஆனால் காட்டை ஏமாற்றாது. வெளியூர் விதை நடுவில் ஒரு மாசம் காய்ந்தால் பூவையெல்லாம் கொட்டிவிடும். அதுவும் போக, குடியானவன் நல்ல பஞ்சாகவே விளைவித்தாலும் வாங்குகிற வியாபாரி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஒரே விலைதான் கொடுப்பான் என்றால் எவன் புது விதைக்குப் போவான்?

ஆனால் இத்தோடு முடிந்துபோகவில்லை. அவர் போய் ஐம்பது வருசம் கழித்து, 1900களின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தது. அதுவும் அமெரிக்க இனம்தான். அதை நம் ஆட்கள் மானாவாரியில் விடவில்லை. செம்மண்ணில் பாத்தி கட்டி, கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் பாய்ச்சி எடுத்தார்கள். அதற்குள் கோயம்புத்தூரில் மில்லும் வந்திருந்தது, முதல் நூற்பாலை 1888ல். பிறகு 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஊரைச் சுற்றி மில்லாக எழுந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. வைட்டுக்கு விதை கிடைத்தது, கிணற்றுத் தண்ணீரும் பக்கத்தில் மில்லும் கிடைக்கவில்லை. என் கணக்கு இதுதான்.

இன்னொன்று. உங்கள் பலகைகளில் கிளுவை இருக்கிறதா? கொறங்காட்டைச் சுற்றி உயிர்வேலியாகப் போடுகிறோமே, அந்த முள்கிளுவை. சித்திரை வெயிலில் இலையெல்லாம் உதிர்த்து வெறும் பச்சைக் குச்சியாக நிற்கும், ஒரு மழை விழுந்தால் நாலே நாளில் துளிர்க்கும். ஒரு கிளையை ஒடித்து ஊன்றினால் போதும், வேர் பிடித்துக்கொள்ளும். காங்கேயம் மாடு முட்டினாலும் தாங்குகிற வேலி அதுதான். கல்லூரியில் படிக்கிற என் தம்பி மகன் சொன்னான், அதற்குப் பெயர் காமிஃபோரா பெர்ரியை, முதலில் விவரித்தவர் அந்த ஆர்னாட்டாம். மேலே தங்கச்சி எழுதியதைப் படித்த பிறகுதான் உறைத்தது. இந்தியாவையே பார்க்காத ஆள், ஸ்காட்லாந்தில் குளிரில் உட்கார்ந்துகொண்டு, காய்ந்த குச்சி ஒன்றைப் பார்த்து எங்கள் வேலிக்குப் பெயர் எழுதியிருக்கிறார்.


உலர்செடி (கோவை):

அண்ணா, கிளுவையைச் சொன்னது அருமை. அதே காமிஃபோரா பேரினத்தில்தான் நாட்டுமருந்துக் கடையில் குக்குலு என்று பிசின் விற்கிறார்களே, அந்த மரமும் வரும். ராஜஸ்தான், குஜராத் வறட்டு நிலத்தில் வளர்வது. அதன் பெயர் காமிஃபோரா வைட்டியை. நண்பரின் பெயரை ஆர்னாட் அதற்கு வைத்தார். உங்கள் வேலியும் அதுவும் அண்ணன் தம்பி.


மைக்கோடு (ஈரோடு):

இந்தத் திரியில் இதுவரை ஒரு பெயர் வரவில்லையே என்று காத்திருந்து பார்த்தேன், இனிப் பொறுக்க முடியாது. நான் ஓவிய ஆசிரியர். ஐகோன்ஸ் தொகுதிகள் ஆறும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, யாரும் இறக்கிப் பார்க்கலாம். படங்களைத் திறந்து, செடியைப் பார்க்காமல், கீழே மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். பல படங்களில் பொடி எழுத்தில் "ருங்கையா" என்று இருக்கும். பிந்தைய தொகுதிகளில் "கோவிந்து" என்று இருக்கும். 2101 படத்தையும் வைட் வரையவில்லை. அவரிடம் வேலை பார்த்த இந்த இரண்டு பேர்தான் அதில் பெரும்பகுதியை வரைந்தவர்கள்.

ருங்கையா என்பது ரங்கையாதான், வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுத்தில் வந்திருக்கிறது. 1820களின் நடுவில் இருந்து 1840களின் நடுப்பகுதி வரை வைட்டுக்கு வரைந்தார். அதற்கப்புறம் கோவிந்து. அதாவது கோயம்புத்தூர்க் காலத்தின் பெரும்பகுதி கோவிந்துவின் கை. இருவரும் தெலுங்கர்கள் என்று சொல்கிறார்கள். எங்கே பிறந்தார்கள், எங்கே பழகினார்கள், எத்தனை பிள்ளைகள், எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், எதுவும் யாரும் எழுதி வைக்கவில்லை. மூல ஓவியங்களில் பல இப்போது எடின்பரோ தாவரத் தோட்டத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அந்தப் படங்களை ஓவியனாகப் பார்த்தால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மேல்பாதியில் முழுக்கிளை இருக்கும். இலையின் ஒரு பக்கம் மடங்கி அடிப்பக்கம் தெரிகிற மாதிரி எங்காவது ஒரு இலை கட்டாயம் இருக்கும், ஏனென்றால் அடிப்பக்க நரம்பும் ரோமமும் தெரிந்தால்தான் செடியை அடையாளம் காண முடியும். படத்தின் கீழ்ப்பக்கம் வரிசையாக எண் போட்டு, பூவை அறுத்த பாகங்கள். சூலகத்தைக் குறுக்கே வெட்டினால் எத்தனை அறை, மகரந்தப் பை எப்படி வெடிக்கிறது, விதைக்குள் முளை எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது. எள்ளளவு பூ. அதை ஊசியால் பிரித்து உருப்பெருக்கியின் கீழே வைத்து, பார்த்ததை மட்டும் கோட்டில் கொண்டுவர வேண்டும். நிழல் அடித்து அழகாக்குகிற வேலைக்கு அதில் இடமில்லை. என் மாணவர்களுக்குத் தும்பைப்பூ ஒன்றைக் கொடுத்து இதைச் செய்யச் சொன்னேன், நாற்பது நிமிசத்தில் பூ வாடிப்போய் இதழ் சுருண்டுவிட்டது. கோயம்புத்தூர் வெயிலில், மின்விசிறி இல்லாத காலத்தில், மலையில் இருந்து இறக்கிய கிளை வாடுமுன் வரைந்து முடிக்க வேண்டும். அதை வருசக்கணக்கில் தினமும் செய்திருக்கிறார்கள்.

பிறகு அதைக் கல்லில் ஏற்ற வேண்டும். கல்லச்சு என்பது சுண்ணாம்புக் கல்லை வழவழப்பாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசை உள்ள மையால் அதன் மேல் வரைவது. கல்லை நனைத்தால் வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், வரைந்த கோடு தண்ணீரைத் தள்ளிவிட்டு அச்சு மையை மட்டும் வாங்கிக்கொள்ளும். செலவு குறைப்பதற்காக வைட் இந்த வேலையைத் தானே கற்றுக்கொண்டார் என்பதைப் படித்தபோது அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

அதைவிட மதிப்பு கூடியது வேறொன்றில். அந்தக் காலத்தில் இந்திய ஓவியர்களின் பெயரைப் போடாமலே எத்தனையோ புத்தகங்கள் வந்தன. வைட் போட்டார். 1853ல் ஓர் ஆர்க்கிட் செடிக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார், கோவிந்தூயா என்று. அந்தப் பெயர் பின்னால் நிற்கவில்லை, அது ஏற்கெனவே இருந்த டிராப்பிடியா என்ற பேரினம்தான் என்று முடிவாகிவிட்டது. ஆனால் ருங்கையாவின் பெயர் நின்றது. ஜெர்மன்காரர் நீஸ் என்பவர் 1832ல் ஒரு பேரினத்துக்கு ருங்கியா என்று பெயர் வைத்தார். அது காட்டுக்குள் தேடிப் போகிற அபூர்வச் செடி இல்லை. நம் வயல் வரப்பில் கிடக்கிற கோடகசாலைதான். ருங்கியா ரெப்பன்ஸ்.

நாற்றங்கால் அண்ணா, உங்கள் பலகையில் வைட் பெயருக்கு இடம் உண்டோ இல்லையோ, இவருக்கு இடம் கொடுங்கள்.


நொய்யல் மேடு (திருப்பூர்):

எல்லாம் படித்தேன். நல்ல தகவல்கள், மறுக்கவில்லை. ஆனால் மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்வரை கைத்தறி. இங்கிருந்து பஞ்சு மலிவாகப் போக வேண்டும், அங்கிருந்து மில் துணி வந்து இங்கே விற்க வேண்டும் என்பதற்காகத்தானே அந்தப் பருத்திப் பண்ணையே. மில் துணி வந்ததில் தறியை விட்டவர்கள் எத்தனை பேர். அப்படிப்பட்ட வேலைக்கு வந்தவரைப் பள்ளிக்கூடத்துப் பலகையில் ஏற்ற வேண்டுமா? மாகாளிக்கிழங்கைக் காட்டியது ஒரு மலைவாசியாகத்தான் இருக்கும், அவர் பெயர் எங்கே? செடிக்கு ஊர் எழுதாதவர் ஆளை மட்டும் எழுதியிருப்பாரா? பிள்ளைகள் அந்தப் பலகையைப் பார்த்து வளரப் போகிறார்கள், அதனால்தான் கேட்கிறேன்.


உலர்செடி (கோவை):

நியாயமான கேள்வி அண்ணா. எனக்கும் இது உறுத்துகிற விசயம்தான். சேகரிக்கப் போனவர்கள் பெரும்பாலும் அவர் கூலி கொடுத்து அனுப்பிய நம் ஆட்கள். மலையில் வாரக்கணக்கில் தங்கி, காய்ச்சலில் விழுந்து, செடிக்கட்டைத் தலையில் சுமந்து இறக்கியவர்கள். அவர்கள் யாரென்று தாளில் இல்லை. ஓவியர் இருவருக்காவது பெயர் இருக்கிறது, இவர்களுக்கு அதுவும் இல்லை.

ஆனால் வேலையைத் தூக்கி எறிய என்னால் முடியாது. வைட் போனபின் கேம்பிள் என்ற தாவரவியலாளர் சென்னை மாகாணத் தாவர நூலை எழுதத் தொடங்கி, 1925ல் அவர் இறந்தபிறகு ஃபிஷர் 1936ல் முடித்தார். ஃபிஷர் நம் பக்கத்தில் வனத்துறையில் இருந்தவர், ஆனைமலைத் தாவரங்களைத் தனியாகவே 1921ல் பட்டியல் போட்டவர். இன்றைக்கும் வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஒரு செடியைப் பிடித்தால் நான் முதலில் திறப்பது கேம்பிளைத்தான், கேம்பிள் கைகாட்டுவது வைட்டின் படத்தை. அந்தப் படம் இருப்பதால்தான், இந்தச் செடி இந்த மலையில் 180 வருசத்துக்கு முன் இருந்தது, இதை அழிக்க விடாதீர்கள் என்று என்னால் எழுதிக் கொடுக்க முடிகிறது. பருத்தி கம்பெனிக்காக. செடி யாருக்காக என்று கேட்டால், அதை அவர் தன் ஆசைக்காகச் செய்தார், இப்போது அது நம் கையில் இருக்கிறது.

பலகையில் பெயர் போடுவதைவிடப் பெரியது தமிழ்ப் பெயரைச் சரியாகப் போடுவது. காங்கேயத்தில் ஒன்று, பொள்ளாச்சியில் ஒன்று, மலையில் இருளர் சொல்வது ஒன்று என்று ஒரே மரத்துக்கு மூன்று பெயர் இருக்கும். கேட்டு எழுதுங்கள் அண்ணா. சொன்னவர் யார் என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வைட் விட்ட தப்பை நாம் விட வேண்டாம்.


கிளுவைவேலி (காங்கேயம்):

இது சரி. உசிலையை எங்க பக்கம் அரப்பு மரம் என்றால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை தலைக்குத் தேய்க்கிற தூள் அதுதானே. இரண்டையும் போடுங்கள்.


நாற்றங்கால் (தொண்டாமுத்தூர்):

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இத்தனை வரும் என்று நினைக்கவே இல்லை. மகளுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். பருத்திப் பகுதியில் கொஞ்சம் தூங்கி வழிந்தாள், ருங்கையா வந்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். போன் வாங்கி அந்தப் படங்களைப் பார்த்து, மூலையில் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தாள்.

இன்றைக்குக் காலையில் இரண்டு பேரும் வாய்க்கால் ஓரமாகப் போனோம். கோடகசாலையை நான் ஆயிரம் தடவை மிதித்திருப்பேன், களை எடுக்கும்போது பிடுங்கிப் போட்டிருப்பேன். குனிந்து பார்த்தது இன்றைக்குத்தான். தரையோடு படர்ந்து நுனி மட்டும் தலை தூக்கி நிற்கிறது. கதிர் மாதிரி ஒரு பூந்தண்டு, அதில் பச்சைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கி இருக்கிறது, ஒவ்வொரு செதிலுக்கும் ஓரத்தில் வெள்ளையாக, கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய கரை. பூவெல்லாம் ஒரே பக்கம் பார்த்தே வருகிறது. பூ அரிசி அளவுதான், வெளிறிய ஊதா, மேலே ஒரு உதடு கீழே ஒரு உதடு. மகள் நோட்டில் வரைந்தாள். ஓவிய வாத்தியார் சொன்னது மெய்தான், வரைந்து முடிப்பதற்குள் பூ கீழே விழுந்துவிட்டது. இன்னொன்றைப் பறித்துக்கொண்டு வந்து தண்ணீர் டம்ளரில் போட்டு வைத்திருக்கிறாள்.

திருப்பூர் அண்ணா சொன்னதை யோசித்தேன். வைட் & ஆர்ன். என்ற வாலை எல்லாப் பலகையிலும் எடுத்துவிட்டேன், அந்த இடத்தில் இரண்டாவது ஊர்ப்பெயர் போடுகிறேன். அரப்பு போட்டாச்சு. கிளுவைக்கு ஒரு பலகை புதிதாகச் சேர்த்திருக்கிறேன், பள்ளிக்கூடத்து மேற்கு வேலி முழுக்கக் கிளுவைதான், அதை மரம் என்றே யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சாடிவயல் பக்கத்தில் எனக்கு விதை கொடுக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், மரங்களுக்கு அவர் சொல்கிற பெயர்களைக் கேட்டு வர வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

கோடகசாலை மரம் இல்லையே, பள்ளியில் பலகை வைக்க விடுவார்களா என்று தெரியவில்லை. தலைமையாசிரியர் சரி என்றால் குழாயடிப் பக்கத்து ஈரத்தில் இரண்டு கொத்து நடலாம் என்று இருக்கிறேன். பலகை மட்டும் எழுதிவிட்டேன். கோடகசாலை, கீழே ருங்கியா ரெப்பன்ஸ், அதற்குக் கீழே "ஓவியர் ருங்கையா பெயரால்". பெயின்ட் இன்னும் காயவில்லை.